யாரும் உட்காராத நாற்காலி

டைரக்டரம்மா என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவள் சினிமா எடுக்கிறவள் இல்லை. விலைபோகாமல் கிடக்கும் காலி வீடுகளில் சாமான்களைப் போட்டு, அங்கே ஒரு குடும்பம் நிம்மதியாக வாழ்கிறது என்று பார்க்க வருகிறவர்களை நம்ப வைப்பது அவள் தொழில். வீடு விற்றதும் சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். இருபது வருஷத்தில் அவள் உண்டாக்கிய குடும்பங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். அதில் ஒன்றுகூட நிஜம் இல்லை. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் மருந்துக்கும் இருக்காது.

ஊருக்கெல்லாம் குடும்பம் உண்டாக்குகிறவளின் சொந்த அறையில் எல்லாமே ஒவ்வொன்றுதான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை, ஒரு நாற்காலி. தங்கை வரும்போதெல்லாம் அலுத்துக்கொள்வாள்.

"ஏங்க்கா, நான் வந்தா எங்க உக்காரது?"

"தரையில உக்காரு. தரை நெறைய கெடக்கு."

அவளுக்கு ஒரு பயம், அதை யாரிடமும் சொன்னதில்லை. சாமான்கள் வாய் ஓயாமல் பேசும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருத்தர் புழங்கிய பொருட்களை அரை மணி நேரம் அவள் கையில் கொடுத்தால் போதும், ஆளைப் பிட்டுப் பிட்டு வைத்துவிடுவாள். அதுபோல் தன்னையும் எவளாவது ஒருநாள் பிட்டு வைத்துவிட்டால்? அதனால்தான் ஒன்றுக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

இந்த முறை அவள் கைக்கு வந்தது நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு. எட்டு மாதமாக விற்காமல் கிடந்தது. புரோக்கர் கையில் எப்போதும் ஒரு பிளாஸ்க் இருக்கும். அதனால் அவருக்கு பிளாஸ்க் அண்ணன் என்றே பெயர். அந்த பிளாஸ்கிலிருந்து டீ கொடுப்பது வீடு வாங்கப் போகிறவர்களுக்கு மட்டும்தான். டைரக்டரம்மாவுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு மூடி டீ கிடைத்ததில்லை.

பழைய சாமான் கடைக்காரர் ஒரு லாரி நிறைய அனுப்பி வைத்திருந்தார். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் ஒரே வீட்டு சாமான்மா. பெரியவர் போய்ச் சேந்துட்டாரு. மகன் வீட்டுப் படிகூட ஏறல. எல்லாத்தையும் எடுத்துக்கங்கன்னு போன்லயே முடிச்சுட்டான்."

"நல்ல பிள்ளை" என்று டைரக்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

ஒரே வீட்டுச் சாமான் கிடைப்பது அவளுக்கு விருந்து. சாய்வு நாற்காலியை நடு அறையில் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தாள். இடது கைப்பிடி வியர்வை பட்டுக் கறுத்திருந்தது. வலது பக்கத் துணி மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது. ஆக, மனுஷன் இடக்கைக்காரர். வலப்பக்கம் ஜன்னல் இருந்திருக்கிறது. அப்படியே போட்டாள். மேஜைக்கு ஒரு காலின் அடியில் நாலாக மடித்த அட்டை ஒட்டியிருந்தது. பழைய வீட்டில் எந்த மூலையில் தரை தாழ்ந்திருந்தது என்பதுவரை அது சொன்னது. அலாரக் கடிகாரத்தின் கண்ணாடி முழுக்கப் பொடிப் பொடிக் கீறல். முதுகிலோ ஒரு கீறல் இல்லை. அதைப் படுக்கை அறை ஸ்டூலில் கவிழ்த்து வைத்தாள்.

பிளாஸ்க் அண்ணன் அதை நிமிர்த்தி வைத்தார். "கடியாரத்த கவுத்து வச்சா மணி எப்படிம்மா பாக்கறது?"

"அது உங்க வீட்டுக் கடியாரம் இல்ல அண்ணே" என்று அவள் மறுபடி கவிழ்த்தாள்.

அவளைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது சாப்பாட்டு மேஜையின் இரண்டு நாற்காலிகள்தான். ஒன்று சரி, இருக்கை நன்றாக அமுங்கி, ஒருத்தர் வருஷக்கணக்கில் உட்கார்ந்த நாற்காலி. இன்னொன்றின் இருக்கை நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் உப்பலாக இருந்தது. யாரும் உட்காரவே இல்லை. அப்படியானால் அதன் காலில் மாட்டிய ரப்பர்கள் ஏன் பாதிக்கு மேல் தேய்ந்து போயிருக்கின்றன? முதுகுப் பலகையின் மேல் விளிம்பில் ஓர் இடம் மட்டும் ஏன் அப்படி வழவழப்பாக இருக்கிறது?

அவள் தன் கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். இடது கை கச்சிதமாகப் பொருந்தியது. நாற்காலியைப் பின்னால் இழுத்தாள், முன்னால் தள்ளினாள். இழுத்து இழுத்துத் தள்ளியிருக்கிறார்கள். தினமும். உட்காராமல். எல்லாம் ஒவ்வொன்றாக வைத்திருக்கும் அவளுக்கு, தனியாக இருந்த ஒரு மனுஷனுக்கு இரண்டாவது நாற்காலியோடு என்ன வேலை என்று விளங்கவே இல்லை. இருபது வருஷத்தில் ஒரு நாற்காலி அவளிடம் வாயைத் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

வேலை நிற்கக் கூடாதே. மேஜையைத் துடைத்தாள். பலகையில் அங்கங்கே சூடுபட்ட கறைகள். கறை கண்ணில் பட்டால் அடுத்த நொடி அதன் மேல் ஒரு பூச்சாடியோ விரிப்போ உட்கார்ந்துவிடும், அதுதான் அவள் தொழில் பழக்கம். பெரியவர் உட்கார்ந்த பக்கத்தில் ஒரு விரிப்பைப் போட்டாள். எதிர்ப் பக்கத்தில் பூச்சாடியை வைத்தாள். எத்தனை தேய்த்தும் உட்பக்கம் ஒரு பழுப்புக் கோடு போகாத பீங்கான் கப் ஒன்றை அடுக்களை அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளினாள். அந்தக் கப்பில் ஏதோ படம் அழிந்துபோய் இரண்டு சக்கரங்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், கலகலவென்று பேசினாள்.

"என்னங்க, வந்து பாருங்களேன், வெளிச்சத்த! யாரோ நல்ல மனுஷங்க இருக்கற வீடு மாதிரி இல்ல?"

பிளாஸ்க் அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, மூடியைத் திருகத் தொடங்கினார். டிரைவர் வாசல் தாண்டி இரண்டு எட்டு வைத்தவர், சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் விறுவிறுவென்று படுக்கை அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. கையில் அலாரக் கடிகாரம்.

"இத யாரு கவுத்து வச்சது?"

பிளாஸ்க் அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன் சார், இந்தம்மாதான்..."

"நான்தாங்க" என்றாள் டைரக்டரம்மா.

"ஏன்?"

"கண்ணாடி பூராவும் கீறலா இருக்கு பாருங்க. வருஷக்கணக்கா கவுந்தே இருந்திருக்கு. அது எப்படி இருந்துச்சோ அப்படி வச்சேன்."

"எங்கப்பாவ உங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. வீட்டுப் படிகூட ஏறாத மகன் இவர்தான். மனைவி ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். அவள் மாமனாரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"தெரியாதுங்க" என்றாள் டைரக்டரம்மா. "பேருகூடத் தெரியாது."

"பொய் சொல்லாதீங்க! ஜன்னலுக்குப் பக்கத்துல அந்த நாற்காலி. மணி தெரிஞ்சா தூக்கம் வராதுன்னு கடியாரத்த கவுத்துதான் வைப்பாரு. இதெல்லாம் தெரியாமயா எங்க வீட்ட அப்படியே கொண்டாந்து வச்சிருக்கீங்க? யாரும் வந்து சொல்லாம எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இதுங்கதான் சொல்லிச்சு."

நாற்காலியின் கறுத்த கைப்பிடியைக் காட்டினாள். வெளுத்த துணியைக் காட்டினாள். மேஜைக் காலின் அட்டையைக் காட்டினாள். டிரைவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த அட்டையைத் தொட்டவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது நான் மடிச்சு வச்சது" என்றார். "பத்தாவது படிக்கறப்போ."

பிளாஸ்க் அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார். உலகத்தில் அது நடப்பது அபூர்வம்.

தரையில் உட்கார்ந்தபடியே டிரைவர் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தாள். அப்பா அவளுடைய தையல் மிஷினையும் கட்டிலையும் பார்த்துப் பார்த்து உருகுகிறாரே என்று, அவர் வெளியே போயிருந்த நேரத்தில் இவர் எல்லாவற்றையும் ஆளைக் கூப்பிட்டு விற்றுவிட்டார். நல்லதுக்குத்தான் செய்தார். அப்பா வந்து பார்த்தார்.

"வெறும் சாமான்தானேப்பான்னேன். 'வெறும் சாமான்னா, நீ எதுக்குடா அதப் பாக்க முடியாம வித்த'ன்னு கேட்டாரு. வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். வீட்ட விட்டுப் போடான்னுட்டாரு. போயிட்டேன். அவரும் கூப்பிடல, நானும் போகல. இப்போ அவர் போனதும் மறுபடி அதே வேலையதான் செஞ்சேன். உள்ள போயி பாக்க தைரியம் இல்ல. போன்லயே வித்துட்டேன்."

டைரக்டரம்மாவுக்கு அன்று உதட்டைப் பிதுக்கியது நினைவுக்கு வந்தது. தன் உதட்டின் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"நீங்க இதெல்லாம் படிக்கிறீங்கல்ல" என்றார் அவர். "எனக்கு ஒண்ணு சொல்லுங்கக்கா. கடைசி வரைக்கும் என் மேல அதே கோவத்தோடதான் இருந்தாரா?"

இருபது வருஷமாகப் பொய்க் குடும்பம் கட்டியவளுக்கு இதற்கு ஒரு பதில் தயார் செய்வது பெரிய காரியமே இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. உங்களை நினைக்காத நாளில்லைங்க என்று ஒரு வரி. கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டையும் வாங்குவார்கள். ஆனால் அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த அந்த விரல்களைப் பார்த்தபோது அவளால் முடியவில்லை.

"எப்படி இருந்தாருன்னு சாமான் சொல்லும். ஏன்னு சொல்லாதுங்க" என்றாள். "எனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்றேன். இங்க வாங்க."

இரண்டாவது நாற்காலியைத் திருப்பிக் காட்டினாள். உப்பலான இருக்கை, தேய்ந்த ரப்பர், வழவழப்பான இடம். "தினமும் யாருக்கோ இழுத்துப் போட்டிருக்காரு. அப்புறம் உள்ள தள்ளியிருக்காரு. யாரும் உக்காரல."

டிரைவரின் கண்ணில் ஒன்று மின்னியது. உடனே அவரே அதை அணைத்துவிட்டார். "இது நான் போனப்புறம் வாங்கின நாற்காலி. வயசாச்சுல்ல. எழுந்து நடக்கறப்போ பிடிச்சிருப்பாரு. அவ்வளவுதான்."

"இருக்கலாம்."

"இல்லன்னா அம்மாவுக்கா இருக்கும். அம்மா நினைப்புல."

"அதுவும் இருக்கலாங்க."

"அப்போ எனக்குன்னு எதுவும் இல்ல." அவர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "சரி, போலாம். இந்த வீடு வேணாம்" என்றார் மனைவியிடம்.

அவர் வாசலை நோக்கித் திரும்பியபோது, போகிற போக்கில் அவர் இடுப்பு மேஜையில் இடித்தது. பூச்சாடி ஆடியது. டைரக்டரம்மா பாய்ந்து பிடித்தாள். பிடித்த கையோடு சாடி மேலே வந்தது. அதன் அடியில் இருந்ததை, தானே மூன்று நாளைக்கு முன் மூடி மறைத்ததை, அவள் அப்போதுதான் பார்த்தாள். மூடும் கண்ணுக்கும் பார்க்கும் கண்ணுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

"அண்ணே, அவங்கள நிறுத்துங்க!"

பிளாஸ்க் அண்ணன் வாசலை மறித்து நின்றார்.

அவள் பெரியவர் பக்கத்து விரிப்பை உருவினாள். அங்கே பலகையில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடந்தன.

"பாருங்க. டீ குடிக்கிறவங்க ஒரு வாய் குடிப்பாங்க, வைப்பாங்க. மறுபடி எடுப்பாங்க, வேற எடத்துல வைப்பாங்க. குடிச்ச எடம் இப்படித்தான் இருக்கும்." பிறகு எதிர்ப் பக்கத்துக்கு வந்தாள். இரண்டாவது நாற்காலிக்கு நேரே ஒரே ஒரு வட்டம். சுற்றிலும் மெருகு கலையாத பலகையின் நடுவில், அச்சடித்ததுபோல் ஒரே வட்டம். ஆழமாக, பால்போல் வெளுத்து. "இது ஒரே எடம். ஒவ்வொரு நாளும் சூடா கொண்டாந்து வச்சிருக்காரு. யாரும் எடுக்கல. ஆறுற வரைக்கும் அப்படியே இருந்திருக்கு."

டிரைவரின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மாவுக்குத்தான்" என்றார் டிரைவர்.

டைரக்டரம்மா அடுக்களைக்கு ஓடினாள். பின்வரிசையில் இருந்த கப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். "இதோட உள்பக்கம் பழுப்பா ஒரு கோடு. நான் சோடா போட்டுத் தேய்ச்சேன், போகல. குடிச்சா டீ எறங்கிக்கிட்டே போகும், கோடு விழாது. இதுல ஊத்தின உயரத்துலயே நின்னிருக்கு." கப்பை அந்த வட்டத்தின் மேல் வைத்தாள். அடி விளிம்பு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. "இது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. படம் அழிஞ்சு போச்சு. ரெண்டு சக்கரந்தான் தெரியுது."

டிரைவர் கப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அந்தச் சக்கரங்களை விரலால் தடவினார், அவற்றுக்கு மேலே ஒன்றுமில்லாத வெள்ளையில் விரலை ஓட்டி, ஜன்னல் ஜன்னலாக எதையோ வரைந்தார்.

"பஸ்ஸு" என்றார். "மொத வருஷம் ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டினதுக்கு டிப்போல குடுத்தாங்க. நான் அதுலதான் குடிப்பேன். விட்டுட்டுப் போயிட்டேன்."

ஒரு படம் கழுவிக் கழுவியே அழிய எத்தனை நாள் கழுவ வேண்டும் என்று டைரக்டரம்மா மனதில் கணக்குப் போட்டுப் பார்க்க முயன்று விட்டுவிட்டாள். ஒரு கிழவர் காலையில் எழுந்து, கவிழ்த்த கடிகாரத்தை நிமிர்த்தி, இரண்டு பேருக்கு டீ போட்டு, இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து குடிக்கிறார். ஆறியதைக் கொட்டி, கப்பைக் கழுவி வைக்கிறார். போனை எடுத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்த மனுஷனின் ரோஷத்தையும் அன்பையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டு இந்த மரப்பலகை பதினோரு வருஷம் சும்மா இருந்திருக்கிறதே என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது. நூறு குடும்பம் கட்டியவள் இப்படி ஒன்றை யோசித்திருப்பாளா? சத்தியமாக மாட்டாள்.

டிரைவர் நாற்காலியின் முதுகில் கை வைத்தார். அந்த வழவழப்பான இடம் தானாகக் கைக்கு வந்தது. பின்னால் இழுத்தார். உட்கார்ந்தார். அவர் பாரத்தில் அந்த இருக்கை முதல் தடவையாக முனகி அமுங்கியது.

பிளாஸ்க் அண்ணன் வாசலிலிருந்து வந்தார். மூடியைத் திருகி, கப்பில் டீயை ஊற்றினார். ஊற்றிவிட்டு அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றிச் சரியாக அதுவரை கொண்டுவந்தார்.

"குடிங்க தம்பி. சூடா இருக்கு."

டிரைவர் கப்பை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கவில்லை. மனைவி பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு அவர் கப்பைப் பார்க்காமலேயே மேஜையில் வைத்தார்.

அது பழைய வட்டத்தின் மேல் உட்காரவில்லை. விரற்கடை தள்ளி உட்கார்ந்தது. அவர் மறுபடி எடுத்தபோது பலகையில் ஓர் ஈர வட்டம், வெள்ளை வட்டத்தின் மேல் பாதி ஏறி நின்றது.

டைரக்டரம்மாவின் கையில் துடைக்கும் துணி இருந்தது. ஈரத்தைக் கண்டால் அந்தக் கை தானாகப் போகும். இருபது வருஷப் பழக்கம். அவள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.